2030க்குச் சொன்ன கணக்கு எப்பவோ தாண்டிட்டுது: சலரோகத்தின்ர வருங்காலச் செலவை எப்பிடிக் கணிக்கினம்?

வருசா வருசம் நவம்பர் 14, உலக நீரிழிவு நாள் வந்தா சலரோகம் எண்ட நீரிழிவு பற்றி ஒரு பெரிய நம்பர் வரும். பேப்பரில போடுவினம், ரேடியோவில சொல்லுவினம், நாங்களும் "அட கடவுளே" எண்டுட்டு அடுத்த தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி போடுவம். அந்த நம்பர் எங்கயிருந்து வருது, 2045, 2050 எண்டு இவ்வளவு தூரத்துக்கு எந்தத் துணிவில சொல்லினம், முந்திச் சொன்னதுகள் சரிவந்ததோ எண்டு தேடிப் பாத்தா, பயப்பிட வேண்டிய இடமே வேற எங்கயோ கிடக்கு.

முதல்ல பழைய கணிப்புகளைப் பாப்பம். 1998ல உலக சுகாதார நிறுவனத்து ஆய்வாளர் ஒரு கட்டுரை போட்டவை. 1995ல உலகத்தில 13.5 கோடிப் பேருக்குச் சலரோகம், 2025ல அது 30 கோடி ஆகும் எண்டு. பிறகு 2004ல இன்னொண்டு, 2000ல 17.1 கோடி, 2030ல 36.6 கோடி. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2011ல எடுத்த கணக்கில அதே 36.6 கோடி அப்பவே வந்திட்டுது, அதாவது 30 வருசத்தில வரும் எண்டது 11 வருசத்தில வந்து நிண்டது. 2024க்கு அவை சொல்லுறது 58.9 கோடி, 2050க்கு 85.3 கோடி. பழைய அனுபவத்தைப் பாத்தா இந்த 85.3ஐ உச்சம் எண்டு எடுக்கிறதை விட அடிமட்டம் எண்டு எடுக்கிறதுதான் புத்தி.

ஏன் இப்பிடிப் பிழைச்சது எண்டா, கணிக்கிற முறை அப்பிடி. ஒரு நாட்டில இண்டைக்கு 50 வயசுக்காரரில நூற்றுக்கு இத்தினை பேருக்கு வருத்தம், 60 வயசுக்காரரில இத்தினை பேருக்கு எண்டு ஒரு சர்வேயில எடுப்பினம். பிறகு ஐநாவின்ர சனத்தொகைக் கணிப்பில 2030ல 50 வயசுக்காரர் எத்தினை பேர் இருப்பினம் எண்டு பாத்து, அந்த வீதத்தால பெருக்குவினம். நகரமயமாகிறதுக்கு மேல கொஞ்சம் கூட்டுவினம். அவ்வளவுதான். இதில ஒளிச்சு கிடக்கிற எடுகோள் என்னெண்டா, இண்டைக்கு 50 வயசு ஆளும் 2030ல 50 வயசாகப் போற ஆளும் ஒரே மாதிரி ஆக்கள் எண்டுறது. தோட்டத்துக்கும் கடைக்கும் சைக்கிளில போய் வந்து 50ஐத் தொட்ட மனிசனும், 18 வயசில மோட்டச்சைக்கிள் ஏறி அதிலயே 50ஐத் தொடப்போற மனிசனும் ஒண்டோ? இல்லைத்தானே. உடம்பு நிறை கூடுற போக்கையும் சேத்துக் கணிச்ச இன்னொரு குழு, 2023ல லான்செற் வைத்திய சஞ்சிகையில வந்தது, 2021ல 52.9 கோடி, 2050ல 131 கோடி எண்டுது. ரெண்டுமே 2050தான், நடுவில 45 கோடி வித்தியாசம்! ரெண்டு குழுவும் ஒரே வயசெல்லையை எடுக்கேல்லை எண்டது ஒரு பக்கம், ஆனா பெரிய வித்தியாசம் வாறது வருங்கால மனிசர் எப்பிடி இருப்பினம் எண்டு என்ன பிடிச்சுக்கொண்டினம் எண்டதிலதான்.

அதோட ஆரைச் சலரோகக்காரர் எண்டு எண்ணுறது எண்டதும் இருக்கு. சாப்பிடாம எடுக்கிற இரத்தத்தில சீனி 126 mg/dL அல்லது அதுக்கு மேல எண்டா சலரோகம், HbA1c எண்ட மூண்டு மாசச் சராசரி 6.5 வீதம் அல்லது அதுக்கு மேல எண்டாலும் சலரோகம். ஒரு ரெஸ்ற்றில பிடிபடுற ஆள் மற்றதில தப்பிறது சர்வசாதாரணம். இது ரெண்டில எதிலை பிடிபட்டாலும் எண்ணுவம், மருந்து எடுக்கிற ஆக்களையும் சேர்ப்பம் எண்டு 2024ல ஒரு குழு எண்ணினது, 2022லயே 82.8 கோடி எண்டு வந்திட்டுது. கூட்டமைப்பு 2050க்குச் சொல்லுற நம்பருக்குக் கிட்ட. அதால ஒரு நம்பரைக் கேட்டா முதல் கேக்க வேண்டியது "எந்த ரெஸ்ற், எந்த வயசு?" எண்டுதான்.

இன்னொரு விசயம் கன பேருக்குக் குழப்பம். நோயாளர் தொகை கூடுது எண்டா நிலைமை மோசமாகுது எண்டுதானே நினைப்பம். ஒரு கிணத்தை யோசியுங்கோ, தண்ணி மட்டம் ஏறுறது ஊத்து கூடினாலும் நடக்கும், இறைக்கிறது குறைஞ்சாலும் நடக்கும். ஒரு கணக்குக்கு 1,000 பெரியாக்கள் இருக்கிற ஊர் எண்டு வைப்பம், அதில 100 பேருக்குச் சலரோகம். வருசத்துக்குப் புதுசா 10 பேருக்கு வருது, ஏற்கனவே இருக்கிற ஆக்களில 4 பேர் செத்துப்போயினம். பத்து வருசத்தில 160 பேர். இப்ப கிளினிக் நல்லா நடக்குது, பிறஷருக்கும் கொலஸ்ரோலுக்கும் ஒழுங்கா மருந்து குடுக்கினம், சாவு வருசத்துக்கு 2 ஆக் குறைஞ்சிட்டுது எண்டு வைப்பம். பத்து வருசத்தில 180 பேர். ஆஸ்பத்திரி நல்லா வேலை செய்ததால நம்பர் 20ஆல கூடினது! அதால "நோயாளர் தொகை" எண்ட ஒரு நம்பரை மட்டும் வைச்சு ஒரு சுகாதாரத் திணைக்களத்தைத் திட்டவும் ஏலாது, புகழவும் ஏலாது. புதுசா வாறவை எத்தினை, எந்த வயசில வருது, வந்த பிறகு என்ன ஆகுது எண்டு மூண்டையும் பிரிச்சுப் பாக்க வேணும்.

சரி, இலங்கைக்கு வருவம். 2005-06ல நடந்த பெரிய ஆய்வில 20 வயசுக்கு மேற்பட்ட ஆக்களில 10.3 வீதத்துக்குச் சலரோகம் எண்டு வந்தது. நகரத்தில 16.4, கிராமத்தில 8.7. வருத்தம் இருந்த ஆக்களில மூண்டில ஒரு பங்குக்கு மேல தங்களுக்கு இருக்கெண்டே தெரியாது. அந்த ஆய்வே 2030ல 13.9 வீதம் ஆகும் எண்டு கணிச்சது. 2018-19ல நாடு முழுக்க எடுத்த இன்னொரு ஆய்வில பெரியாக்களில 23 வீதத்துக்குக் கிட்ட எண்டு வந்தது. முறைகள் முற்றாக ஒண்டில்லை, அதைக் கழிச்சுப் பாத்தாலும் 2030 கணக்கு பத்து வருசத்துக்கு முதலே தாண்டிட்டுது எண்டுதான் சொல்லவேணும்.

இதில யாழ்ப்பாணத்தார் கவனிக்க வேண்டியது ஒண்டு இருக்கு. 2005-06 ஆய்வு ஏழு மாகாணத்திலதான் நடந்தது. வடக்கும் கிழக்கும் இல்லை. சண்டைக் காலம், போக ஏலாது, அது விளங்குது. ஆனா நாட்டின்ர வருங்காலம் எண்டு எழுதின அந்தக் கணக்கில நாங்கள் இல்லவே இல்லை. அதுக்கும் அடியில இன்னொரு ஓட்டை, 1981க்குப் பிறகு 2012 வரைக்கும் எங்கட பக்கம் ஒழுங்கான முழுக் குடிசன மதிப்பீடே நடக்கேல்லை. 31 வருசம். இதுக்குள்ள இடப்பெயர்வு, யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 95 ஒக்ரோபர், வன்னி, கொழும்பு, கனடா, லண்டன் எண்டு சனம் சிதறினது. ஒரு வயசுக்காரர் எத்தினை பேர் இருந்தவை, எத்தினை பேர் போட்டினம், எத்தினை பேர் செத்திட்டினம் எண்டு தெரியாத இடத்தில, மேல சொன்ன பெருக்கல் கணக்கைப் போடவே அடி இல்லை.

எங்கட ஊர்க் கணக்கு மற்ற ஊர் மாதிரி இல்லை எண்டு நான் நினைக்கிறதுக்கு இன்னொரு காரணமும் கிடக்கு, இதைப் பற்றி ஏன் ஒருத்தரும் பெருசாக் கதைக்கிறேல்லை எண்டு யோசிக்கிறனான். 2024ல சயன்ஸ் சஞ்சிகையில ரெண்டு ஆய்வு வந்தது. ஒண்டு உக்ரேனில 1932-33 பஞ்சத்தைப் பற்றினது. தாயின்ர வயித்தில முதல் மாசங்களில அந்தப் பஞ்சத்தில அகப்பட்ட பிள்ளையளுக்குப் பெரியாக்களான பிறகு ரெண்டாம் வகைச் சலரோகம் ரெண்டு மடங்குக்கு மேல. மற்றது பிரித்தானியாவைப் பற்றினது. அங்க ரெண்டாம் உலக யுத்தத்துக்காகக் கொண்டுவந்த சீனிப் பங்கீடு 1953 வரைக்கும் இருந்தது, அது முடிய முதல் வயித்திலயும் குழந்தைப் பருவத்திலயும் இருந்த பிள்ளையளுக்குப் பிறகு சலரோகம் 35 வீதத்தால குறைவு, வந்தாலும் நாலு வருசம் பிந்தித்தான் வந்தது. ஒண்டு பசி, ஒண்டு சீனி மட்டும் இல்லாதது. பசி கூட்டினது, சீனி இல்லாதது குறைச்சது.

இப்ப 1990ல இருந்து பொருளாதாரத் தடைக்குள்ள பிறந்த எங்கட பிள்ளையளை நினையுங்கோ. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விலை தலைக்கு மேல, சீனிக்குப் பதிலாப் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு பிளேன்ரீ, எங்க போறதெண்டாலும் சைக்கிள். இதை உக்ரேன் பஞ்சத்தோட ஒப்பிட ஏலாது, மரவள்ளியும் பூசணியும் ஒடியல்கூழும் எண்டு சனம் சமாளிச்சது. ஆனா எத்தினையோ தாய்மார் இடம்பெயர்ந்து, காம்பில இருந்து, அரைவயிறாப் பிள்ளை சுமந்தவை எண்டதும் உண்மை. அப்ப அந்தப் பிள்ளையளுக்குச் சீனி குறைஞ்ச நன்மை கூடவோ, பசி கிடந்த தீமை கூடவோ? அந்த ஆக்களுக்கு இப்ப முப்பதுக்கு மேல வயசு. அதுக்குப் பிறகு 2002ல கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்து, 2009க்குப் பிறகு எல்லாம் ஒரேயடியா வந்து, லீசிங்கில மோட்டச்சைக்கிள், சந்திக்குச் சந்தி பேக்கரி, றோல்ஸ், சோடா, பின்னேரம் கொத்து. வயித்தில இல்லாமையில வளர்ந்த உடம்புக்குப் பிறகு தாராளம் வந்தா ஒத்துக்கொள்ளாது எண்டது வைத்தியத்தில ஏற்கனவே இருக்கிற ஒரு கருத்து. தெற்காசிய உடம்பு வெள்ளைக்காரரை விட மெலிவா இருக்கேக்கையே, வயசு குறைவாகவே இந்த வருத்தத்தைப் பிடிக்கும் எண்டது வேற. முப்பதுகளில இருக்கிற இந்தத் தலைமுறையைத் தனியா எடுத்துப் பாக்காம யாழ்ப்பாணத்துக்கு ஒரு கணிப்புப் போட்டா அது எங்கயோ இருந்து கடன் வாங்கின கணிப்பாத்தான் இருக்கும்.

வயசு ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா, 2023ல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுது, அமெரிக்கக் கணக்கில 50 வயசில சலரோகம் பிடிபடுற ஆள் வருத்தமில்லாத ஆளை விட சராசரி 6 வருசம் முந்திச் சாகிறார், 40ல பிடிபட்டா 10 வருசம், 30ல பிடிபட்டா 14 வருசம். காசுக் கணக்கில இது இன்னும் மோசம், ஏனெண்டா 30ல வந்தா 45, 50ல, பிள்ளையள் ஏஎல் படிக்கேக்க, வீட்டுக்கடன் கட்டேக்க, சிறுநீரகமோ கண்ணோ இதயமோ பிரச்சினை குடுக்கத் தொடங்கும்.

செலவைக் கணிக்கிற ஆக்கள் அதை ரெண்டாப் பிரிப்பினம். நேர்ச்செலவு எண்டா மருந்து, ரெஸ்ற், ஆஸ்பத்திரி. மறைமுகச் செலவு எண்டா வேலைக்குப் போகாத நாள், வேலையை விட்டது, முந்திச் செத்ததால உழைக்காமப் போன வருசங்கள். 2015க்கு ஒரு குழு எடுத்த கணக்கில உலகம் முழுக்க ரெண்டையும் கூட்டினா 1.31 ட்ரில்லியன் டொலர், உலக உற்பத்தியில 1.8 வீதம், அதில மூண்டில ஒண்டு மறைமுகம். அதே குழு 2030க்குக் கணிச்சது 2.2 ட்ரில்லியன். சலரோகத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் எல்லாம் போட்ட இலக்கை அப்பிடியே எட்டினாலும் 2.1 ட்ரில்லியன் வருமாம்! ஏனெண்டா 2030ல நோயாளரா இருக்கப்போறவையில கன பேர் ஏற்கனவே நோயாளர், இல்லாட்டி அந்தக் கரையில நிக்கிறவை.

எங்கட ஊரில இந்தச் செலவு எங்க விழுது எண்டு பாருங்கோ. சீனி குறைக்கிற மெட்ஃபோமின் குளிசையைக் கவுண்மேந்துக் கிளினிக்கில சும்மா குடுக்கினம், அது மலிவான மருந்து, பிரச்சினை அதில்லை. விடியக் கிளினிக் கொப்பியோட போய் நம்பர் எடுத்து, இரத்தம் குடுத்து, டொக்டரைப் பாத்து, மருந்து வாங்கி வர மத்தியானம் ஆகும். தீவுப்பக்கத்தில இருந்து வாற ஒரு கூலி வேலைக்காரருக்கு அண்டைக்குச் சம்பளம் இல்லை, பஸ்காசு வேற. அது ஒரு பட்ஜெற்றிலயும் இல்லை. கிளினிக்கில இல்லாத ரெஸ்ற்றை வெளி லாப்பில செய்யச் சொன்னா அது கைக்காசு, குளுக்கோமீற்றர் ஸ்ற்றிப் கைக்காசு. இலவச வைத்தியம் எண்டு பேர் எடுத்த நாட்டிலயே மொத்தச் சுகாதாரச் செலவில 40 வீதத்துக்கு மேல சனத்தின்ர சொந்தக் காசு. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போகேக்க பாமசியில மருந்து விலை என்ன ஆட்டம் ஆடினது எண்டு எல்லாருக்கும் நினைவிருக்கும், கன பேர் குளிசையைப் பாதி பாதியா உடைச்சு எடுத்தவை. உடைச்சு எடுத்த அந்தக் குளிசையின்ர பில் 2022ல வராது, 2032ல டயலிசிஸ் கட்டிலில வரும்.

கால் விசயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்பம். நல்லூர் 25 நாள் திருவிழா, எல்லாரும் வெறுங்காலோட, மத்தியானம் மணல் கொதிக்கும். பத்துப் பதினைஞ்சு வருசம் சீனி இருந்து நரம்பு பழுதான ஆளுக்கு அந்தச் சூடே தெரியாது. கால் சுட்டா நாங்கள் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடுவம், அவர் ஆறுதலா நடந்து வருவார். வீட்டை வந்து இரவு பாத்தாக் கொப்புளம், ரெண்டு நாளில உடைஞ்சு புண், ஒரு கிழமையில நாத்தம். பிறகு ஒவ்வொரு நாளும் மருந்து கட்ட ஓட்டோவில கொண்டு போகவேணும், மகன் வேலைக்கு லீவு, இல்லாட்டி மருமகள் தையல் வேலையை நிப்பாட்டவேணும். கடைசியில விரல் கழட்டினா அதிர்ஷ்டம், முழங்காலுக்குக் கீழ எடுத்தா வீட்டில ஒருத்தர் அதுக்குப் பிறகு முழுநேரமும் அவரோட. ஆஸ்பத்திரிக் கணக்கில ஒரு ஒப்பரேசன், பத்து நாள் கட்டில். மருமகளின்ர தையல் காசு எந்தக் கணிப்பிலயும் இல்லை, ஏனெண்டா அவவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. மாத வருமானம் வைச்சுக் கணிக்கிற மொடலில அவ வேலையே செய்யாத ஆள்.

இதுக்கு மேல வயசு. 2012 குடிசன மதிப்பில இலங்கையில 65 வயசுக்கு மேற்பட்டவை 8 வீதத்துக்குக் கிட்ட, 2024ல 12 வீதத்துக்கு மேல. யாழ்ப்பாணத்தில பிள்ளையள் வெளிநாட்டில, வீட்டில ரெண்டு வயசுபோனதுகள் மட்டும் எண்ட வீடுகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கு. இப்போதைக்கு ரொறன்ரோவில இருந்தும் லண்டனில இருந்தும் வாற காசு இன்சுலினுக்கும் பிறைவேற் ஆஸ்பத்திரிக்கும் பாக்கக் கூலிக்கு வைக்கிற ஆளுக்கும் போகுது. இது எங்கட ஊரின்ர சத்தம் போடாத ஹெல்த் இன்சூரன்ஸ் மாதிரித்தான். ஆனா அனுப்பிற தலைமுறைக்கே இப்ப அறுபது, அவைக்கும் அதே வருத்தம், அவையின்ர பிள்ளையள் மானிப்பாயில இருக்கிற பெரியம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புவினமோ எண்டது எனக்குச் சந்தேகம். 2040ஐக் கணிக்கிற ஆள் இந்தக் காசு அப்பிடியே வரும் எண்டு எடுத்தா கணக்குப் பிழைக்கும்.

வராமல் தடுக்கிறது எண்டு வரேக்க இன்னொரு கணக்கு விளையாட்டு இருக்கு. பிறகு வாற காசை இண்டைய பெறுமதிக்குக் கழிச்சுப் பாக்கிறது பொருளாதாரக்காரரின்ர வழக்கம். இருவது வருசத்துக்குப் பிறகு மிச்சமாகப் போற 1 லட்சம் ரூபா, வருசத்துக்கு 3 வீதம் கழிச்சா இண்டைக்கு 55,000 சொச்சம்தான். வட்டி கூடின எங்கட மாதிரி நாட்டில 8 வீதம் எடுத்தா 21,500 கூட வராது. தடுக்கிற செலவு இண்டைக்கு முழுசா வெளிக்கிடும், இருவது வருசத்தில வாற பலன் அரைவாசியாவோ அதுக்கும் குறைவாவோதான் தெரியும். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எலெக்சன் கேக்கிற ஆக்கள் எதைத் தெரிவு செய்வினம் எண்டு சொல்லத் தேவையில்லை.

ஆனாத் தடுக்கலாம் எண்டதுக்குச் சாட்சி நல்லாவே இருக்கு. சீனாவில டாச்சிங் எண்ட இடத்தில 1986ல தொடங்கின ஆய்வில சாப்பாடும் உடற்பயிற்சியும் ஆறு வருசம் கவனிச்ச ஆக்களை 30 வருசம் பின்தொடர்ந்து பாத்திருக்கினம், வருத்தம் கிட்டத்தட்ட 4 வருசம் பிந்தித்தான் வந்தது, இதய வருத்தமும் சாவும் குறைஞ்சது. அமெரிக்காவில இப்பிடிக் கவனிச்ச ஆக்களுக்குச் சலரோகம் வாறது 58 வீதம் குறைஞ்சது எண்டு 2002ல வந்தது, ஆனா எங்களுக்குக் கிட்ட உள்ள இந்தியாவில 2006ல வந்த ஆய்வில 28.5 வீதம்தான். எங்கட ஊருக்குக் கணிக்கிற ஆள் 58ஐ எடுக்காம 28ஐ எடுத்தா நல்லது. இலங்கையில 2011ல இருந்து ஹெல்தி லைஃப்ஸ்ரைல் சென்ரர் எண்டு இலவசமா செக் பண்ணுற இடங்கள் இருக்கு, போறது கூடுதலாப் பொம்பிளையள்தான், ஆம்பிளையள் வேலை எண்டு சொல்லித் தப்பிறது வழக்கம். 2017ல சோடாவுக்குச் சீனி கிராம் கணக்கில வரி போட்டது, அதுக்கு முதல் 2016ல போத்திலில சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு நிறம் போட்டது எல்லாம் நல்ல விசயம்தான். ஆனா எங்கட வீட்டில சீனி கூட வாறது போத்திலால இல்லை, பின்னேரத் தேத்தண்ணியாலயும் ரெண்டு நேரமும் கோப்பை நிறைய வெள்ளை மாப் புட்டாலயும்தான், அந்தப் போத்தில் வரி அதைத் தொடாது.

கணிப்பைத் தலைகீழாக்கக் கூடிய ஒரு விசயம் இப்ப வந்துகொண்டிருக்கு. செமாகுளூரைட் எண்ட ஊசி, நிறையும் குறையும் சீனியும் குறையும், விலைதான் யானை விலை. அதின்ர காப்புரிமை இந்தியாவில 2026ல முடியுது. இந்தியக் கொம்பனியள் மலிவா அடிச்சா கடல் தாண்டி இஞ்ச வர அவ்வளவு நாள் எடுக்காது. அப்பிடி வந்தா நடக்கப்போறதைக் கிணத்துக் கணக்கில போட்டுப் பாருங்கோ. கொழுத்த ஆக்களுக்கு வருத்தம் வர முதல் குடுத்தா புதுசா வாறவை குறையலாம், ஏற்கனவே வருத்தம் உள்ளவைக்குக் குடுத்தா அவை கன காலம் இருப்பினம், நோயாளர் தொகை இன்னும் ஏறும். பிரித்தானியாவில 1998ல முடிவு வந்த 5,102 பேரின்ர பெரிய ஆய்வில HbA1c ஒரு புள்ளி குறையிற இடத்தில கண், சிறுநீரகம் மாதிரிச் சின்ன நாளப் பாதிப்பு 37 வீதம், கால் எடுக்கிறதும் காலின்ர இரத்தோட்டப் பிரச்சினையால சாகிறதும் 43 வீதம் குறைவா இருந்தது. அதால 2035ல யாழ்ப்பாணத்துக்கு எண்டு ஒரு கணக்கு வந்தா நான் முதல் தேடப்போறது எத்தினை பேருக்குச் சலரோகம் எண்டதை இல்லை. எந்த வயசில பிடிபட்டது, அந்த வருசம் எத்தினை கால் எடுத்தது, எத்தினை பேர் புதுசா டயலிசிசுக்கு ஏறினவை, இந்த மூண்டும்தான். மூண்டும் ஆஸ்பத்திரிக் கொப்பியளில இப்பவே எழுதப்படுற விசயம், கூட்டிப் பாக்க ஒரு ஆளும் ஒரு கொம்பியூட்டரும் காணும்.